சிறிய அலுவலகத்திற்கு ஒரு வேலைப் பலகை

எட்டுப் பேர் பணிபுரியும் சிறிய அலுவலகம் ஒன்றில் நான் இருந்து வருகிறேன். பள்ளி ஆண்டு மலர்களுக்கும் சிறு நூல்களுக்கும் பக்கம் அமைத்து, மெய்ப்புப் பார்த்து, அச்சகத்துக்கு அனுப்புவது எங்கள் தொழில். அங்கே நேர்ந்த ஒரு தவற்றைச் சொல்லியே பேச்சைத் தொடங்க வேண்டியவனாக இருக்கிறேன்.

ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் கடைசி வேளையில் தெரிவித்த திருத்தம் ஒன்று செய்யப்படாமலே, மலரின் 600 பிரதிகளும் அச்சேறிவிட்டன. விழாவுக்கு மூன்று நாட்களே இருந்தன. பழி, மெய்ப்புப் பார்க்கும் இளைஞர் மேல் விழுந்தது. எல்லோர் முன்னிலையிலும் நான் அவரைக் கடிந்துகொண்டேன். மறுநாள் கைப்பேசியைத் துருவிப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. திருத்தம் எங்கள் வாட்ஸப் குழுவுக்கு வந்திருந்தது. அதைப் படித்த இருவரும், மற்றவர் கவனித்துக்கொள்வார் என்று விட்டுவிட்டனர். அந்த இளைஞரோ அன்று விடுப்பில் இருந்தார்! செய்தி வந்து சேர்ந்தது. ஆனால் அந்த வேலை எவர் பெயரிலும் எழுதப்படவில்லை.

எட்டுப் பேருக்குள் இதற்கென ஒரு மென்பொருள் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். மூன்று பேர் இருக்குமிடத்தில் ஒருவரோடொருவர் பேசும் வழிகள் மூன்றுதான். எட்டுப் பேரானால் அவை 28 ஆகிவிடும். ஆட்கள் கூடுவதைவிட வேகமாக இவ்வழிகள் பெருகுவதைப் பிரெடரிக் புரூக்ஸ் என்னும் கணிப்பொறி அறிஞர் 1975-இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். மேசைக்கு மேசை குரல் கொடுத்து நடத்தும் நிர்வாகம் இங்கே தடுமாறத்தான் செய்யும்.

தவறு நேர்ந்த வாரத்திலேயே ஒரு மென்பொருளை ஆண்டுச் சந்தா கட்டி வாங்கினேன். பசியோடு கடைக்குப் போகிறவன் கூடை நிறைய வாங்குவான். அவமானத்தோடு போகிறவன் அதற்கு மேலும் வாங்குவான். ஒவ்வொரு வேலைக்கும் பதினான்கு கட்டங்களை நிரப்பச் சொல்லிற்று அந்த மென்பொருள். இரண்டாம் மாதத்தில் அதில் எழுதிக்கொண்டிருந்தவன் நான் ஒருவனே. பெருந்திட்டங்களை நடத்துவதற்கென்று சில முறைகள் உண்டு. 1957-இல் டூபாண்ட் நிறுவனத்தார் தம் ஆலைப் பணிகளுக்காகவும், 1958-இல் அமெரிக்கக் கடற்படையினர் போலாரிஸ் ஏவுகணைக்காகவும் வகுத்தவை அத்தகையவை. ஏவுகணைக்கு ஏற்றது ஆண்டு மலருக்கு எதற்கு?

பின்னர் அந்த இளைஞரே ஒரு யோசனை சொன்னார். ஒரு மாதத்திற்குக் கரும்பலகையில் காகிதச் சீட்டுகளை ஒட்டி வேலை பார்ப்போம் என்றார். ஜப்பானில் டொயோட்டா ஆலையில் தாயிச்சி ஓனோ என்பவர் வளர்த்த கான்பான் முறையும் சீட்டை நம்பியதே. செய்ய வேண்டியவை, நடப்பவை, முடிந்தவை என மூன்று பத்திகள் வரைந்தோம். என்ன வேலை, யாருடையது, எந்நாளுக்குள், கோப்பு எங்கே இருக்கிறது: இந்த நான்கும் எழுதினால் போதுமென்று தெரிந்தது. எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. பாதிக்கு மேற்பட்ட சீட்டுகள் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை; மெய்ப்பைப் பார்த்துத் திருப்பியனுப்ப வேண்டிய பள்ளிகளுக்காகவே காத்திருந்தன. உடனே நான்காவதாக ஒரு பத்தி வரைந்தோம். இதை எந்த விளம்பரமும் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்காது.

இனி விலையைப் பார்ப்போம். இவற்றுள் பல, தலைக்கு இவ்வளவு என்றே விலை பேசும். மாதம் தலைக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எட்டுப் பேருக்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய் ஆகிறது. 18 விழுக்காடு வரியும் சேர்ந்தால் 56,640 ரூபாய். எப்போதோ வந்துபோகும் ஓவியரும் ஒரு தலையாக எண்ணப்படுவாரா என்பதை முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். இலவசத் திட்டங்களும் உண்டு. அவற்றின் எல்லைகள் மாறக்கூடியவை. 2011-இல் வெளிவந்த ட்ரெல்லோ, 2024-இல் தன் இலவசப் பணியிடத்திற்குப் பத்துப் பேர் என்ற வரம்பை விதித்தது. ரெட்மைன் போன்ற கட்டற்ற மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் அதை நிறுவ ஒரு கணிப்பொறி வேண்டும். நகலெடுத்துக் காக்க ஓர் ஆள் வேண்டும். இனாமாக வந்த கன்றுக்கும் புல் வேண்டுமன்றோ? எங்களிடம் அத்தகைய ஆள் இல்லை. உங்கள் கல்லூரியில் கணிப்பொறித் துறை மாணவர்கள் இருப்பின், விழாப் பணிகளுக்கு அவ்வழியே மிக மலிவானது.

மற்றொன்றையும் கூறியாக வேண்டும். வுண்டர்லிஸ்ட் என்னும் பணிப்பட்டியல் செயலியை 2015-இல் மைக்ரோசாப்ட் விலைக்கு வாங்கிற்று. 2020 மே 6-ஆம் நாள் அது மூடப்பட்டது. குறிப்புகளை வேறு செயலிக்கு மாற்றிக்கொள்ள வழி செய்திருந்தனர். எல்லோரும் அப்படிச் செய்வர் என்று நம்பியிருக்க இயலாது. ஆகவே ஐந்து பொய் வேலைகளை உள்ளே எழுதி, அவற்றை வெளியே எடுத்து, சாதாரண விரிதாளில் திறந்து பார்த்தோம். ஒன்று திறக்கவே இல்லை. அதை அன்றே கைவிட்டோம்.

இறுதியில், நான்கு பத்திகள் மட்டுமே கொண்ட ஓர் இலவசப் பலகையைத் தேர்ந்துகொண்டோம். வாட்ஸப்பில் வரும் திருத்தத்தை முதலில் காண்பவர் அதைப் பலகையில் ஒருவர் பெயரிட்டு எழுதிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த இளைஞரிடம், கடிந்துகொண்ட அதே எட்டுப் பேர் முன்னிலையில் நான் மன்னிப்புக் கேட்டேன். இன்றும் திங்கட்கிழமை காலையில் பலகையை முதலில் திறப்பவர் அவரே. நான்காம் பத்தியில் ஏழு சீட்டுகள் இருந்தால், ஏழு பள்ளிகளுக்கும் தொலைபேசியில் நினைவூட்டிய பின்புதான் தேநீர் அருந்தச் செல்கிறார்.