உப்புக் காற்றும் பிரேக் வட்டும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

முன்னுரை

ஓர் ஊர்தி ஓடுவதற்கு எஞ்சின் எவ்வளவு இன்றியமையாததோ, அது நிற்பதற்குப் பிரேக் அவ்வளவு இன்றியமையாதது. ஆயினும் எஞ்சினைப் பற்றிப் பேசுவோர் பலர். பிரேக்கைப் பற்றி எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. கடலோரத்தில் வாழும் நாம் அதனை எண்ணிப் பார்த்தே ஆகவேண்டிய காரணம் ஒன்று உண்டு. அதுதான் உப்பு.

விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரையில் உள்ள மரக்காணம் பழம்பெருமை வாய்ந்த ஊர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என ஆய்வாளர் பலர் கருதுவர். அன்று கப்பல்களால் பெயர் பெற்ற ஊர், இன்று உப்பளங்களால் பெயர் பெற்று விளங்குகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர் வெயிலில் மின்னும் பாத்திகளையும் வெண்ணிறக் குவியல்களையும் கண்டு மகிழ்வர். அந்த உப்பு, அவர்கள் ஏறிவந்த ஊர்தியின் சக்கரத்துக்குள்ளும் புகுந்துகொள்கிறது என்பதை அறிந்தவர் குறைவு.

எங்கள் பகுதியில் இப்போது எஸ்.யு.வி. எனப்படும் கனத்த ஊர்திகள் பெருகிவிட்டன. விடியுமுன் உப்பளத்துக்கு ஆள் ஏற்றிச் செல்பவை, பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு விடுபவை, மருத்துவமனைக்கு விரைபவை எனப் பல. அவற்றின் பிரேக் வட்டுகளைப் பேணுவதும் மாற்றுவதும் பற்றி நான் படித்தும் பட்டறைகளில் பார்த்தும் அறிந்தவற்றை இக்கட்டுரையில் கூற விழைகிறேன்.

பிரேக் வட்டு என்பது யாது?

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டே பிரேக் வட்டு. பட்டறையில் இதனை ‘டிஸ்க்’ என்றும் ‘ரோட்டர்’ என்றும் சொல்வர். இதன் இருபுறமும் ‘பேடு’ எனப்படும் உராய்வுக் கட்டைகள் உள்ளன. அவற்றைத் தாங்கி நிற்கும் கவ்வியே ‘காலிப்பர்’. ஓட்டுநர் மிதியை அழுத்தினால், பிரேக் ஆயில் அவ்வழுத்தத்தைக் காலிப்பருக்குக் கொண்டுசெல்கிறது. நாம் பள்ளியில் படித்த பாஸ்கல் விதி இங்கே வேலை செய்கிறது. பேடுகள் வட்டை இருபுறமும் நெருக்கிப் பிடிக்க, இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது.

அவ்வெப்பம் எவ்வளவு? 2,000 கிலோ எடையுள்ள ஊர்தி மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வருகிறது எனக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 4,94,000 ஜூல். 30 டிகிரி வெப்பநிலையில் உள்ள ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். சில நொடிகளில் இவ்வளவு வெப்பத்தையும் பெரும்பாலும் வட்டுகளே ஏற்கின்றன. வேகம் பாதியானால் ஆற்றல் கால் பங்காகிவிடும். ஆள் ஏற்றிய கனத்த வண்டியை வேகமாக ஓட்டுபவர் இக்கணக்கை மறக்கலாகாது.

இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பார் 1902-இல் வட்டு பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1953-இல் லெ மான் பந்தயத்தில் வட்டு பிரேக் பொருத்திய ஜாகுவார் வென்றபின் உலகம் இதனை உற்று நோக்கியது. நம் சென்னைப் பாடியில் 1962-இல் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் தோன்றியது. இன்று நம் சாலைகளில் ஓடும் எஸ்.யு.வி.க்கள் பலவற்றில் முன்சக்கரங்களில் வட்டும் பின்சக்கரங்களில் டிரம்மும் உள்ளன. சிலவற்றில் நான்கிலும் வட்டுகளே உள்ளன.

உப்பு செய்யும் வேலை

இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் நீரும் போதும். உப்பு அவ்வேலையை விரைவுபடுத்துகிறது. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் துருப்பிடித்தல் என்னும் மின்வேதி வினை எளிதாகிறது. குளோரைடு அயனிகளோ இரும்பின்மேல் படியும் காப்புப் படலத்தைச் சிதைக்கின்றன.

இன்னொரு செய்தியும் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல்நீரில் உப்போடு கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். மழை பெய்யாத நாளிலும், நிழலில் நிற்கும் வண்டியிலும், எங்கள் கடற்கரையில் வட்டு இரவு முழுவதும் ஈரமாகவே இருக்கிறது என்பது இதனால் விளங்கும். குளிர் நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்பைத் தூவுவார்கள். அங்கும் இதே தொல்லைதான். அதனாலேயே வட்டின் நடுப்பகுதியிலும் விளிம்பிலும் துருத்தடுப்புப் பூச்சு இட்டு விற்கும் வழக்கம் வந்தது. பேடு உரசும் முகத்தில் அப்பூச்சு நில்லாது.

எந்தத் துருவுக்கு அஞ்ச வேண்டும்?

காலையில் வட்டின்மேல் செம்மண் பூசினாற்போல் மெல்லிய துரு தெரியும். முதல் சில முறை பிரேக் பிடித்ததும் அது தேய்ந்து போய்விடும். இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியவை வேறு.

ஒன்று, காலிப்பர் நழுவும் முளைகள் துருவேறி இறுகிப் போவது. எங்கள் தெருவில் வாடகைக்கு ஓடிய ஒரு வண்டி, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஒரு பக்கமாக இழுத்தது. டயரில் குறை என்று எண்ணிப் பல நாள் ஓட்டினார்கள். பட்டறையில் சக்கரத்தைக் கழற்றியபோது நானும் உடனிருந்தேன். வட்டின் வெளிமுகம் கண்ணாடிபோல் இருந்தது; கையை உள்ளே விட்டுத் தடவினால் உள்முகம் உளுத்த பலகைபோல் இருந்தது. ஒரு முளை இறுகியதால் ஒரு பேடு கரைந்து தீர்ந்திருந்தது. மற்றது பாதி கூடத் தேயவில்லை. நாள்தோறும் பத்துப் பேரை ஏற்றிச் சென்ற வண்டி அது. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு குறையும் தெரிந்திராது.

இரண்டு, வட்டுக்கும் அது அமரும் ஹப்புக்கும் இடையே சேரும் துரு. துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடம் பிடிக்கும் பொருள். மயிரிழை அளவு துரு இருந்தாலும் வட்டு சாய்ந்து ஆடும். பல ஊர்திகளுக்கு இந்த ஆட்டம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. தாண்டினால் நாளடைவில் வட்டு ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் தேயும். மிதி காலின்கீழ் துடிக்கும், ஸ்டியரிங் நடுங்கும்.

மூன்று, விளிம்பு செதில் செதிலாக உதிர்வதும், உராயும் முகத்தில் பள்ளங்கள் விழுவதும். வட்டில் வெடிப்புக் கண்டாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

பேணும் முறை

உப்பளச் சாலையில் ஓடும் வண்டியின் சக்கரங்களை வாரம் ஒரு முறையேனும் நல்ல தண்ணீரால் உள்பக்கமும் படும்படி கழுவ வேண்டும். ஓடிவந்த சூட்டோடு கழுவக் கூடாது. வார்ப்பிரும்பு திடீர்க் குளிர்ச்சியைத் தாங்காது. கழுவியபின் சிறிது தூரம் ஓட்டி, இரண்டு மூன்று முறை மெல்லப் பிரேக் பிடித்து ஈரத்தை உலர்த்த வேண்டும்.

நாட்கணக்கில் நிறுத்தும்போது, சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் அண்டைகொடுத்தல் நன்று. கை பிரேக்கை இழுத்தே வைத்தால் துரு ஒட்டிக்கொள்ளும். முளைகளைச் சுத்தம் செய்து, ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றி, அதற்கென உள்ள சிலிக்கோன் கிரீசையே இடவேண்டும். பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதில் 205 டிகிரிக்குக் குறையாது. ஈரம் ஏறியபின் அது 140 டிகிரி வரை இறங்கலாம். கொதித்து ஆவியானால் மிதி தரைவரை போய்விடும். ஆகவே இரண்டாண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுதல் நலம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் நீரில் மூழ்கின. அத்தகைய வெள்ளத்தில் நின்ற வண்டியின் நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்க்காமல் ஓட்டக்கூடாது.

மாற்றும் முறை

வட்டின்மேல் குறைந்த அளவுத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் பல இடங்களில் அளந்து, எங்கேனும் அதைவிடக் குறைந்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும். கடைந்து சமன் செய்யலாமே என்பர் சிலர். கடைந்தபின்னும் அந்த அளவுக்கு மேல் தடிமன் மிஞ்சுமானால் மட்டுமே அது தகும். ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல், ஒரே அச்சின் இரு வட்டுகளையும், பேடுகளோடு சேர்த்து மாற்றுதல் வேண்டும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கியால் தூக்கியபின் தாங்கு கட்டையில் அமர்த்துவது முதற்கடமை. ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. சக்கரத்தையும் காலிப்பரையும் கழற்றி, காலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். பேடுத் தூளைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

பின்னர் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷால் பளிச்சென்று தேய்க்க வேண்டும். அவசரக்காரர்கள் விட்டுவிடும் வேலை இதுவே. கடற்கரை வண்டிக்கு இதைவிட முக்கியமான வேலை இல்லை. புது வட்டின்மேல் துருத்தடுப்பு எண்ணெய் இருப்பின் பிரேக் கிளீனரால் முற்றும் துடைக்க வேண்டும். காலிப்பரின் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும்போது மேலே ஆயில் வழியாதபடி பார்க்க வேண்டும். சக்கர நட்டுகளை எதிரெதிராக, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும்.

வண்டியை நகர்த்துமுன் மிதி கெட்டியாகும் வரை பலமுறை மிதிப்பதை மறக்கவே கூடாது. பின்னர் ஆளில்லாச் சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து மெல்ல வேகம் குறைத்துக் குறைத்துப் பத்து முறை பழக்கினால், பேடும் வட்டும் ஒன்றோடொன்று இணங்கும்.

முடிவுரை

உப்பு எங்கள் ஊருக்குச் சோறு போடும் தொழில். அதை வெறுக்க முடியாது. அதன் இயல்பறிந்து நடப்பதே அறிவுடைமை. விடியற்காலையில் உப்பு வாரச் செல்லும் தாய்மார்கள் ஏறும் வண்டியின் பிரேக்கைச் சோதிக்க அவர்களுக்கு வழியில்லை. உரிமையாளரையும் ஓட்டுநரையும் நம்பியே ஏறுகிறார்கள். அறிவியல் கற்கும் மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டிலோ தெருவிலோ இத்தகைய வண்டி இருந்தால், அடுத்த முறை சக்கரம் கழற்றும்போது வட்டின் உள்முகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நாம் கற்ற கல்வி ஊருக்குப் பயன்பட அது ஒரு நல்ல தொடக்கமாகும்.