தேகப்பயிற்சியும் மோதிர விரலும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அம்பாங் தாமான் சாகாவின் பின்புறமுள்ள மலையடிவாரத்துக்குச் சென்று பார்ப்பவர்களுக்கு, தேகாரோக்கியத்தில் நம்மவர்களுக்கு இப்பொழுது எவ்வளவு சிரத்தை உண்டாகியிருக்கிறது என்பது யாரும் சொல்லாமலே விளங்கும். குடும்பம் குடும்பமாக வந்து, காலணியின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தண்ணீர்ப் போத்தலை முதுகுப் பையில் செருகிக்கொண்டு, புக்கிட் சாகாவின் பாதையில் ஏறுகிறார்கள். செங்குத்தான இடங்களில் மரத்தில் கட்டியிருக்கும் கயிற்றைப் பற்றி உடம்பை மேலே இழுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கயிற்றைப் பற்றும் கைகளைச் சற்றுக் கவனித்தால், பல கைகளில் கல்யாண மோதிரமோ ராசிக்கல் மோதிரமோ மின்னுவதைக் காணலாம். காலணிக்கும் தொப்பிக்கும் தண்ணீருக்கும் இவ்வளவு யோசனை செய்தவர்கள், விரலில் கிடக்கும் அந்த உலோக வளையத்தைப் பற்றி மட்டும் யோசிப்பதில்லை. கால் சறுக்கி, தேகத்தின் பாரம் முழுவதும் ஒரு கணம் ஒரே கையில் தொங்கும் சமயத்தில், மோதிரம் கயிற்றின் முடிச்சிலோ மரவேரின் கணுவிலோ மாட்டிக்கொண்டால் விரலுக்கு என்ன நேரும் என்பதைத் தெரிந்துகொண்டவர்கள் அதை அணிந்துகொண்டு மலையேறத் துணியமாட்டார்கள்.

விரலின் அமைப்பும் அதன் பலவீனமும்

நம்முடைய விரல்களுக்குள் தசை என்பதே கிடையாது. விரலை மடக்குவதும் நீட்டுவதுமான வேலையைச் செய்யும் பெரிய தசைகள் முன்கையிலும், அவற்றுக்குத் துணையான சிறிய தசைகள் உள்ளங்கையிலும் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மட்டுமே விரலின் வழியாக ஓடுகின்றன. எலும்பு, அதன்மேல் நாண்கள், இரு பக்கங்களிலும் பக்கத்துக்கொன்றாக மெல்லிய ரத்தக்குழாயும் நரம்பும், புறங்கைப் பக்கத்தில் ரத்தத்தைத் திரும்பக் கொண்டுசெல்லும் சிரைகள், இவற்றையெல்லாம் மூடிய தோல் என்ற இவ்வளவுதான் விரல். மோதிரம் தங்கியிருக்கும் இடமோ விரலின் அடிப்பகுதி. அதற்கு மேலே இருக்கும் கணு அதைவிட அகலமானது. ஆகவே, எதிலாவது மாட்டிக்கொண்ட மோதிரத்தைத் தேகத்தின் பாரம் திடீரென்று இழுக்கும்போது, அது சுலபமாக வழுக்கி வெளியேறாமல், தனக்கடியில் உள்ள தோலைத் தன் விளிம்பால் பற்றி, அதனோடு ஒட்டிய ரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் சேர்த்து வாரிக்கொண்டு போகிறது. விரலின் தோல் கையுறையைப் போல உரிந்து வந்துவிடுவதும் உண்டு. எலும்போடு விரலே பிடுங்கிக்கொண்டு போவதும் உண்டு.

இத்தகைய காயங்களை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் அர்பானியாக் என்ற அறுவை மருத்துவர் 1981-ஆம் ஆண்டில் மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். ரத்தவோட்டம் கெடாமல் இருப்பது முதல் வகுப்பு. ரத்தவோட்டம் அறுபட்டு, குழாய்களைத் தைத்தால் மட்டுமே விரல் பிழைக்கும் என்ற நிலை இரண்டாவது. தோல் முற்றிலும் உரிந்துவிட்டதோ, விரல் துண்டாகிவிட்டதோ மூன்றாவது. கத்தியால் நறுக்கென்று வெட்டுண்ட விரலைப் பொருத்துவதைக் காட்டிலும் மோதிரம் பிடுங்கிய விரலைப் பொருத்துவது மிகக் கடினமான காரியம். ஏனெனில் இங்கே ரத்தக்குழாய்கள் ஓரிடத்தில் அறுபடாமல், நெடுந்தூரம் இழுபட்டு நைந்து போகின்றன. மூன்றாம் வகுப்பைச் சேர்ந்த பலருக்கு, விரலை எடுத்துவிடுவதே நல்லது என்று மருத்துவர்கள் சொல்ல நேரிடுவது இதனால்தான்.

ஸ்விட்சர்லாந்தில் நடந்த விபத்து

2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஸ்விட்சர்லாந்தின் செர்வெட் காற்பந்துக் குழு ஷாஃப்ஹவுசன் குழுவை எதிர்த்து ஆடியது. செர்வெட்டின் ஆட்டக்காரரான பாவ்லோ தியோகோ, அப்பொழுது புதிதாக மணமானவர், சக ஆட்டக்காரர் ஒருவர் கோல் போடுவதற்குத் துணைபுரிந்த மகிழ்ச்சியில் ரசிகர்களை நோக்கி ஓடித் திடலின் வேலிமேல் தாவி ஏறினார். கீழே குதித்தபோது அவருடைய கல்யாண மோதிரம் வேலியில் மாட்டிக்கொண்டது. விரலின் மேற்பகுதி பிய்ந்து அங்கேயே நின்றுவிட்டது. நடந்தது இன்னதென்று அவருக்கே உடனே தெரியவில்லை. நடுவரோ, அளவுமீறிக் கொண்டாடியதற்காக அவருக்கு மஞ்சள் அட்டை காட்டினார். விழுந்த துண்டைத் தேடி எடுத்து அவரோடு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தும், அதைப் பொருத்த முடியாமல் எஞ்சியதையும் மருத்துவர்கள் அகற்ற வேண்டியதாயிற்று.

காற்பந்து விதிகளின் நான்காவது விதி எல்லா வகையான ஆபரணங்களையும் தடைசெய்கிறது. மோதிரத்தின்மேல் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு ஆடலாம் என்ற சலுகையையும் அது வெளிப்படையாக மறுக்கிறது. அந்த மறுப்பு மிகவும் நியாயமானது. பிளாஸ்திரி கல்லின் கூர்மையை மறைத்து எதிராளியின் முகத்தைக் கீறாமல் காக்கலாம். ஆனால் தேகத்தின் பாரத்தை எதிர்த்து மோதிரத்தை விரலோடு நிறுத்தி வைக்கும் சக்தி அதற்கு இல்லை. கபடி விதிகளும் நகத்தை ஒட்ட வெட்டவும் ஆபரணங்களை நீக்கவும் சொல்கின்றன. தாமான் திடலில் மாலை நேரத்தில் நண்பர்களாகக் கூடி ஆடுகிறவர்களுக்கு நடுவரும் இல்லை, விதிப்புத்தகமும் இல்லை. ஆகையால் அங்கேதான் இந்த ஜாக்கிரதை அதிகமாக வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குள்ளேயே நேர்ந்த ஒரு விபத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சிக் கலைஞர் ஜிம்மி ஃபாலன் 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தம் வீட்டில் தரைவிரிப்பு தடுக்கி விழும்போது மேசையைப் பற்ற முயன்றார். மோதிரம் மாட்டி விரல் ஏறக்குறையப் பிய்ந்தது. காலிலிருந்து சிரை எடுத்துப் பொருத்திய ஆறு மணி நேர அறுவைச் சிகிச்சையும், பத்து நாள் தீவிரச் சிகிச்சைப் பிரிவு வாசமும் அந்த ஒரு தடுக்கலின் விலை.

நமது திடல்களும் லோரிகளும்

ஃபுட்சால் அரங்கின் கம்பி வலை, கூடைப்பந்து வளையத்திலிருந்து தொங்கும் வலை, பளு தூக்கும் இரும்புக் கம்பி, பிள்ளைகளுக்கு வித்தை காட்டுவதாக அப்பாமார்கள் தொங்கும் பூங்காவின் இரும்புச் சட்டம் ஆகிய இவையெல்லாம் மோதிரம் மாட்டிக்கொள்ளும் இடங்கள். கம்பையோ கம்பியையோ இறுகப் பற்றும்போது மோதிர விரலும் சுண்டு விரலும் மிகுந்த பலத்தைத் தருகின்றன என்பதால், சிலம்பம் பயில்கிறவர்களும் பளு தூக்குகிறவர்களும் மோதிரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் தோலை நசுக்கிக்கொள்கிறார்கள். வெயிலில் நெடுநேரம் நடந்தாலும் ஓடினாலும் ரத்தக்குழாய்கள் விரிந்து விரல்கள் சற்று வீங்குவது இயல்பு. காலையில் தளர்வாக இருந்த மோதிரம் பத்து மணிக்கு இறுகிவிடும். அந்த நிலையில் பந்து பட்டு விரல் சுளுக்கிக்கொண்டால், வீக்கம் ஏற ஏற மோதிரமே ஒரு கட்டுக்கயிறாகி ரத்தவோட்டத்தைத் தடுக்கும்.

விளையாட்டைப் பற்றிப் பேசும்போது, கிள்ளான் துறைமுகத்துக்கும் சுங்கை பூலோவுக்கும் இடையே லோரி ஓட்டிப் பிழைக்கும் நம் சகோதரர்களை மறப்பது சரியன்று. அவர்கள் ஒரு நாளில் செய்யும் உடலுழைப்பு எந்த விளையாட்டுக்கும் குறைந்ததில்லை. லோரியின் பின்தட்டிலிருந்து இறங்குகிறவர், படியில் காலை வைத்து நிதானமாக இறங்க நேரமின்றி, பக்கச் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குதிக்கிறார். கால் தரையைத் தொடுவதற்கு முன்பே, கயிறு கட்டும் கொக்கியில் மோதிரம் மாட்டினால், அறுபது எழுபது கிலோ பாரமும் ஒரே விரலில் இறங்கிவிடும். மோதிரம் விரலைப் பிடுங்கிய விபத்துகளை ஆராய்ந்த மருத்துவ நூல்களில் இந்த லோரிக் குதிப்பும் வேலி தாண்டுவதும் திரும்பத் திரும்ப வருகின்றன. வேலைக்குக் கிளம்பும்போது மோதிரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லும் மனைவி, கணவரின் கையைக் காப்பாற்றுகிறாள்.

மோதிரத்துக்கு நேரும் சேதம்

இனி மோதிரத்தையும் சற்றே நினைப்போம். நம்மவர்கள் விரும்பி வாங்கும் 916 தங்கம், நூற்றுக்கு 91.6 பங்கு பொன் கலந்தது. பொன் மிகுந்த அளவுக்கு மிருதுவானதும்கூட. பளு தூக்கும் கம்பியில் பிடி நழுவாதிருக்கச் செதுக்கிய சொரசொரப்பு, சில மாதங்களில் அதன் வட்டத்தையே கெடுத்துவிடும். கல் பதித்த மோதிரமானால், கல்லைப் பிடித்திருக்கும் மெல்லிய நகங்கள் வளைந்து, கல் எங்கே விழுந்தது என்றே தெரியாமல் போகும்.

சுங்கை காபாய் அருவியிலும் சுங்கை சோங்காக் ஆற்றிலும் குளிக்கப் போகிறவர்கள் வேறொன்றையும் எண்ண வேண்டும். குளிர்ந்த நீரில் விரல் சுருங்குகிறது, சோப்பு வழுக்குகிறது, மோதிரம் நழுவுகிறது. சகுந்தலையின் மோதிரம் தீர்த்தத்தில் நழுவி மீனின் வயிற்றுக்குள் போன கதையைக் காளிதாசன் எழுதியது எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பு; ஆயினும் 2024-ஆம் ஆண்டு ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் படகில் நின்று இத்தாலியக் கொடியை அசைத்த உயரந்தாண்டும் வீரர் ஜியான்மார்கோ தாம்பெரியின் கல்யாண மோதிரமும் அதேபோலச் சேன் நதியில் விழுந்து மறைந்தது. போட்டிக்காக உடல் எடையைக் குறைத்திருந்ததால் விரலும் மெலிந்திருந்தது என்று அவரே மனைவியிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். சகுந்தலைக்குக் கிடைத்ததுபோல் மோதிரத்தைத் திரும்பக் கொண்டுவரும் மீனவன் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

கழற்றிய மோதிரத்தைக் காற்சட்டைப் பையிலோ காரின் கதவுத் தட்டிலோ போட்டுவிட்டு ஆடப் போவதும் இழப்புக்கு வழி. வீட்டில் அதற்கென்று ஒரு சிமிழை வைத்து, புறப்படும் முன்பே அதில் போட்டு மூடுவதே உத்தமம். கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொள்ளும் பழக்கமும் திடலுக்கு ஏற்றதன்று. பிடியாட்டங்களில் சங்கிலி எதிராளியின் விரலில் மாட்டும்.

கழற்ற மனம் வராதவர்களுக்கு

கல்யாண மோதிரத்தைக் கழற்றுவது அபசகுனம் என்று சிலர் அஞ்சுகிறார்கள். ராசிக்கல் மோதிரத்தை ஒரு கணமும் நீக்கக் கூடாதென்று ஜோதிடர் சொன்னதாகச் சிலர் தயங்குகிறார்கள். இந்த உணர்ச்சிகளை நான் அற்பமாகக் கருதவில்லை. ஆனால் தர்ப்பை மோதிரத்தைக்கூட நாம் சடங்கு முடிந்ததும் கழற்றிவிடுகிறோம். அணிவதற்கு ஒரு சமயம் இருப்பதுபோல் கழற்றுவதற்கும் ஒரு சமயம் உண்டு என்பது நம் சம்பிரதாயத்துக்குப் புதிதன்று. எந்த அன்பின் அடையாளமாக மோதிரம் விளங்குகிறதோ, அந்த அன்பு விரலோடு கூடிய கையைத்தான் விரும்பும்.

வெறும் விரலோடு இருக்கவே மனம் ஒப்பாதவர்கள், பலமாக இழுத்தால் அறுந்துவிடும் மெல்லிய சிலிக்கோன் மோதிரத்தை அந்த நேரத்துக்கு மட்டும் அணியலாம். தடிமனான சிலிக்கோன் வளையம் சுலபத்தில் அறுவதில்லை ஆகையால் வாங்கும்போது அதைக் கேட்டறிய வேண்டும்; வியர்வை உள்ளே தங்கித் தோல் அரிக்காதிருக்க ஆட்டம் முடிந்ததும் அதையும் கழற்றி உலர்த்த வேண்டும். கால் விரலையும் மறக்கக் கூடாது; ஓட்டப் பயிற்சிக்குப் போகும் பெண்கள் காலணிக்குள் மெட்டியோடு ஓடினால் பக்கத்து விரலில் உராய்ந்து கொப்புளம் எழும். 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தவர்களில் நூற்றுக்கு 15.6 பேர் நீரிழிவு உள்ளவர்கள். அவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் அந்தக் கொப்புளம் புண்ணாகும்வரை தெரியவே தெரியாது.

விபத்து நேர்ந்துவிட்டால்

மோதிரம் மாட்டி விரல் கிழிந்துவிட்டால், அந்த மோதிரத்தை இழுத்துக் கழற்ற முயலக் கூடாது. சுத்தமான துணியால் அழுத்தி, கையை இதயத்துக்கு மேலே உயர்த்திப் பிடிக்க வேண்டும்; கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. விரல் துண்டாகியிருந்தால், அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையிலிட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். ஐஸ் கட்டி நேராகத் தோலில் பட்டால் திசுக்கள் உறைந்து பாழாகும். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் அடிபட்டவருக்குக் காப்பியோ தண்ணீரோ கொடுக்கலாகாது. 999-ஐ அழைத்தோ, பண்டான் மேவாவிலுள்ள அம்பாங் மருத்துவமனை போன்ற அருகிலுள்ள அவசரப் பிரிவுக்கு உடனே கொண்டுபோயோ சேர்த்துவிட்டால், அங்கிருந்து நுண்ணறுவை மருத்துவர்களிடம் அனுப்பிவைப்பார்கள்.

அந்தக் கலையில் நம் கிள்ளான் பள்ளத்தாக்கு பின்தங்கியதன்று. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் சிலாயாங் மருத்துவமனையில் டாக்டர் வி. பத்மநாதன் தலைமையிலான குழுவினர், ஒரு மாதமேயான பெண் குழந்தைக்கு, இறந்துபோன அதன் இரட்டைச் சகோதரியின் கையைப் பொருத்தி உலகத்தின் கவனத்தை ஈர்த்தார்கள். ஆயினும் எவ்வளவு கைதேர்ந்த மருத்துவரும் நைந்த குழாய்க்குமுன் ஓரளவுக்குத்தான் போராட முடியும்.

கழலாத மோதிரம்

காயமின்றி, வீக்கத்தால் மட்டும் மோதிரம் இறுகிவிட்டால் முதலில் கையை உயர்த்திக் குளிர்ந்த நீரில் நனைத்துச் சோப்போ எண்ணெயோ தடவிப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால், ஒரு பட்டு நூலின் நுனியை மோதிரத்தின் அடியே உள்ளங்கைப் பக்கமாகச் செலுத்தி, மீதி நூலை மோதிரத்தை ஒட்டினாற்போலத் தொடங்கிக் கணுவைத் தாண்டும்வரை நெருக்கமாகச் சுற்றிவிட்டு, உள்ளே செலுத்திய நுனியை விரல்நுனிப் பக்கமாகப் பிடித்து மெதுவாக அவிழ்க்க வேண்டும். சுற்று ஒவ்வொன்றாக அவிழ அவிழ மோதிரம் அதன்மேல் ஏறி நகர்ந்து வரும். விரல் நீலம் பாரித்தாலோ மரத்துப்போனாலோ இந்தப் பரீட்சையெல்லாம் வேண்டாம். மருத்துவமனையிலோ பொம்பா நிலையத்திலோ வெட்டிவிடுவார்கள். வெட்டிய தங்கத்தைப் பத்தர் மறுபடி இணைத்துத் தருவார். டைட்டேனிய மோதிரத்தை வெட்டத் தனிக் கருவி வேண்டும். டங்ஸ்டன் கார்பைடு மோதிரத்தையோ வழக்கமான வெட்டுக் கருவியால் வெட்ட முடியாது, இடுக்கியால் நெருக்கி உடைத்தெடுக்க வேண்டும்.

இன்று மாலையே உங்கள் மோதிரத்தை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். சோப்பு நீர் தடவியும் கணுவைத் தாண்டி வராவிட்டால், விளையாடப் போவதற்கு முன்பு பிரிக்ஃபீல்ட்ஸிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ உங்களுக்குப் பழக்கமான நகைக்கடைக்குச் சென்று, அதை ஓர் அளவு பெரிதாக்கிக்கொண்டு வாருங்கள்.