ஓடாத வண்டிக்கும் வயதாகும்

இரண்டு வாகனங்களைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். இரண்டுமே ஏழு பேர் அமரக்கூடிய பெரிய குடும்ப வாகனங்கள். டொயோத்தா ஃபோர்ச்சுனர் என்றே வைத்துக் கொள்வோம். இரண்டுக்கும் வயது 10. முதல் வாகனம் செடெனாக்கிலிருந்து ஜொகூர் பாருவுக்குத் தினமும் வேலைக்குப் போய் வந்தது. அதன் மீட்டர் 250,000 கிலோமீட்டர் காட்டுகிறது. இரண்டாவது வாகனம் பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே நின்றது. பள்ளிக்கூடம், கடை, கோவில் என்று பக்கத்தில் போய் வரும். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் மட்டும் குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடும். அதன் மீட்டரில் 60,000 கிலோமீட்டர்தான்.

இரண்டும் விற்பனைக்கு வந்தால் எதை வாங்கலாம் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். எல்லாரும் இரண்டாவதைத்தான் காட்டுவார்கள். "அதிகம் ஓடாத வண்டி" என்பது நம் ஊரில் ஒரு நற்சான்றிதழ் போல.

அந்தச் சான்றிதழில் பாதி உண்மைதான் இருக்கிறது. வாகனத்தின் முன்கண்ணாடி மூலையில் பட்டறைக்காரர் ஒட்டியிருக்கும் சின்ன ஒட்டுவில்லையைக் கவனித்திருக்கிறீர்களா? அடுத்த சர்வீஸ் எப்போது என்பதை அதில் இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள். ஒன்று கிலோமீட்டர், மற்றொன்று தேதி. இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. வாகனத்துக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன என்பதே இதன் பொருள். கிலோமீட்டர் கடிகாரம் சக்கரம் உருண்டால்தான் நகரும். நாள்காட்டிக் கடிகாரம் வாகனம் நிற்கும்போதும் நகரும். முதல் கடிகாரத்தைக் காட்ட மீட்டர் இருக்கிறது. இரண்டாவதைக் காட்டப் பெரும்பாலான வாகனங்களில் எந்தக் கருவியும் இல்லை.

நாலு லிட்டர் கொதிநீர்

இந்த இரண்டாவது கடிகாரம் பெரிய வாகனத்தில் ஏன் கூடுதல் முக்கியம் என்பதை ஒரு கணக்கு சொல்லும்.

ஃபோர்ச்சுனர் போன்ற ஒரு வாகனத்தின் பொருண்மை ஏறக்குறைய 2,000 கிலோகிராம். ஏழு பேரும் பைகளும் ஏறினால் 2,500 கிலோகிராம் ஆகிவிடும். நெடுஞ்சாலையின் வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். அதாவது, வினாடிக்கு ஏறக்குறைய 30.6 மீட்டர். இயக்கச் சக்தியின் சூத்திரம் உங்களுக்குத் தெரியும்: பொருண்மையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 1,170,000 ஜூல்.

நான்கு பேர் ஏறிய ஒரு பெரோடுவா மைவியின் மொத்தப் பொருண்மை 1,250 கிலோகிராம் அளவு வரும். அதே வேகத்தில் அதன் இயக்கச் சக்தி இதில் பாதிதான்.

பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தும்போது இந்தச் சக்தி எங்கே போகிறது? பெரும்பகுதி பிரேக் தட்டுகளில் வெப்பமாக மாறுகிறது. 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் 4 லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதும். ஒரே ஒரு முறை நிறுத்துவதற்கு இவ்வளவு.

இப்போது பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போய்விட்டுத் தாப்பாவுக்கு இறங்குவதை நினைத்துப் பாருங்கள். உயரத்தில் ஏறக்குறைய 1,400 மீட்டர் இறக்கம். 2,500 கிலோகிராம் வாகனம் அந்த உயரத்தை இழக்கும்போது வெளிவரும் சக்தி 34 மில்லியன் ஜூலுக்கும் மேல். 110 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 29 முறை நிறுத்துவதற்குச் சமம் இது. இதில் ஒரு பங்கைக் காற்றும் எஞ்சினும் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் மலை இறக்கத்தில் குறைந்த கியரில் இறங்கச் சொல்கிறார்கள். மீதி எல்லாம் பிரேக்கின் தலையில்தான் விழுகிறது.

தண்ணீர் குடிக்கும் பிரேக் எண்ணெய்

பெரிய வாகனத்துக்குப் பெரிய பிரேக்தான் பொருத்துவார்கள். புதிதாக இருக்கும்போது அது இந்த வேலையை நன்றாகவே செய்யும். பத்து ஆண்டுகள் ஆன பிறகும் செய்யுமா?

நீங்கள் பிரேக்கை மிதித்ததும் அந்த விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோவது குழாய்களில் உள்ள ஒரு திரவம். பட்டறையில் அதைப் பிரேக் எண்ணெய் என்பார்கள். உண்மையில் அது எண்ணெய் அல்ல, கிளைக்கால் வகைச் சேர்மங்களால் ஆன திரவம். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. அதனால்தான் காலின் விசை சிதறாமல் சக்கரத்தைச் சென்று சேர்கிறது.

இந்தத் திரவத்துக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வாகனம் ஓடினாலும் நின்றாலும் உறிஞ்சும். ரப்பர்க் குழாய்களின் வழியாகவும் மூடியின் வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போகும். ஜொகூரின் காற்றில் ஈரப்பதத்துக்குப் பஞ்சமில்லை.

டாட் 3 என்ற தரத்திலுள்ள புதிய திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. அதில் 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்துவிட்டால், தரவிதி கேட்கும் கொதிநிலை 140 டிகிரிதான். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி, ஈரமேறிய பழைய திரவம் கொதித்துவிட்டால் குழாயில் நீராவிக் குமிழ்கள் தோன்றும். திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். நீங்கள் மிதிக்கும் விசை அந்தக் குமிழ்களை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது.

இதனால் பல தயாரிப்பாளர்கள் இத்திரவத்தை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். வாசலில் நின்ற வாகனத்துக்கும் இது பொருந்தும். "ஓடவே இல்லையே, எதற்கு மாற்ற வேண்டும்?" என்று விட்டுவிடுவதுதான் வழக்கம்.

பால்மரத்திலிருந்து நெடுஞ்சாலைக்கு

அடுத்தது டயர். இதன் கதை நம் குடும்பங்களின் கதையோடு சேர்ந்தது. 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பின்னர் மலாயா முழுவதும் ரப்பர்த் தோட்டங்கள் பரவின. உங்கள் பாட்டனோ பாட்டியோ விடியற்காலையில் பால்மரம் சீவியிருக்கலாம். இன்று செடெனாக்கைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்களும் புதிதாக எழும்பிய தரவு மையங்களும்தான் கண்ணில் படுகின்றன. ஆனால் நம் வாகனங்களின் டயர்களில் இயற்கை ரப்பர் இன்னும் இருக்கிறது, செயற்கை ரப்பரோடு கலந்து.

மரத்திலிருந்து வரும் ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் அதனுடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் வழியைக் கண்டார். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தக அணுக்கள் குறுக்கே பிணைக்கின்றன. அப்போதுதான் அது இழுத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும் உறுதியான பொருளாகிறது.

அந்தப் பிணைப்பும் சங்கிலியும் என்றென்றைக்கும் அப்படியே இருக்காது. உயிர்வளி அவற்றைத் தாக்கிக்கொண்டே இருக்கும். சில இடங்களில் சங்கிலி அறுந்துபோகும். சில இடங்களில் வேண்டாத புதிய பிணைப்புகள் உருவாகும். ரப்பர் தன் நெகிழ்வை இழந்து கெட்டியாகும். பல வேதியியல் வினைகள் வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் நடக்கும். வினையின் வீதத்தைப் படிவம் 4இல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. நிலநடுக்கோட்டிலிருந்து 2 டிகிரிக்கும் குறைவான தொலைவில் இருக்கும் செடெனாக்கில் டயருக்குக் குளிர்காலம் என்று ஓய்வு கிடையாது.

டயர் செய்யும்போதே ரப்பரில் பாதுகாப்பு மெழுகும் வேதிப்பொருள்களும் கலக்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது அவை மேற்பரப்புக்கு வந்து கவசமாகின்றன. மாதக்கணக்கில் நிற்கும் டயருக்கு இந்தக் கவசம் சரியாகக் கிடைப்பதில்லை. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் காற்றின் உயிர்வளியும் உட்புற ரப்பருக்குள் ஊடுருவுகிறது. எஃகுக் கம்பிப் பட்டைகளைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த உட்புற ரப்பர்தான். வெளியே பள்ளக் கோடுகள் ஆழமாக, புதிதுபோல் இருக்கும். உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

2000ஆம் ஆண்டின் பாடம்

இப்படிப் பிடிப்பு விட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா ஒரு முறை பார்த்தது. அங்கே குடும்பங்கள் விரும்பி வாங்கிய பெரிய வாகனங்களுள் ஒன்று ஃபோர்ட் எக்ஸ்புளோரர். அதில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்கள் சில, நெடுஞ்சாலை வேகத்தில் மேல்பட்டை உரிந்து தனியே கழன்றன. உயரமான வாகனத்தின் ஈர்ப்பு மையமும் உயரத்தில் இருக்கும். டயர் திடீரென்று சிதைந்ததும் பல வாகனங்கள் உருண்டு கவிழ்ந்தன. 270க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2000 ஆகஸ்டில் ஏறக்குறைய 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன.

டயர் நிறுவனமும் வாகன நிறுவனமும் ஒன்றையொன்று குறை சொல்லின. அந்த டயர்களின் வடிவமைப்பிலேயே பலவீனம் இருந்தது என்று ஆய்வுகள் காட்டின. நமக்கு முக்கியமானது வேறொரு விவரம். விபத்துகள் எல்லா இடத்திலும் சமமாக நடக்கவில்லை. டெக்சஸ், புளோரிடா, அரிசோனா, கலிபோர்னியா போன்ற வெப்பமான மாநிலங்களில்தான் குவிந்தன. டயர்கள் சில ஆண்டுகள் பழசான பிறகே பெரும்பாலும் பிரிந்தன. வெப்பம், வயது, பாரம், குறைந்த காற்றழுத்தம் ஆகிய நான்கும் சேர்ந்தபோது பலவீனம் வெளிப்பட்டது. இந்தத் துயரத்துக்குப் பின் வந்த சட்டத்தால்தான் டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி அமெரிக்கப் புதிய கார்களில் கட்டாயமானது.

நம் இரண்டாவது வாகனத்தைத் திரும்பிப் பாருங்கள். பழைய டயர், ஆண்டு முழுவதும் வெப்பம், மாதக்கணக்கில் நின்றதால் மெல்லக் கசிந்து குறைந்த காற்று. தைப்பூசத்தன்று ஏழு பேரோடு பத்துமலைக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் ஓட்டம். அந்த நான்கும் இங்கேயும் ஒன்றுசேர்கின்றன.

நின்றாலும் தீரும் பாட்டரி

சிறிய கடிகாரங்களும் உண்டு. வாகனத்தைப் பூட்டிய பிறகும் அலாரமும் கணினியும் கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். அது 0.05 ஆம்பியர் என்றால் ஒரு நாளில் 1.2 ஆம்பியர்-மணி, 30 நாளில் 36. பாட்டரியின் கொள்ளளவு 60 ஆம்பியர்-மணி என்றால் ஒரே மாதத்தில் பாதிக்கு மேல் காலி. அப்படிக் காலியாகவே கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிகங்கள் இறுகிப்போகும்.

எஞ்சினுக்கும் இதே நிலைதான். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே ஆவியாகப் போய்விடும். கொஞ்சம் எஞ்சின் எண்ணெயில் கலக்கும். நீண்ட தூரம் ஓடினால் எஞ்சின் சூடேறி அதையும் விரட்டிவிடும். பள்ளிக்கூடம் வரை மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்பும் வண்டியில் அந்தச் சூடு வராது. தண்ணீர் எண்ணெயிலேயே தங்கிவிடும்.

நீங்களே படிக்கலாம்

அப்படியானால் 250,000 கிலோமீட்டர் ஓடிய முதல் வாகனம்தான் நல்லதா? அப்படியும் சொல்ல முடியாது. அதன் தாங்கு உருளைகளும் அதிர்வுதாங்கிகளும் இருக்கைகளும் தேய்ந்திருக்கும். ஆனால் அதன் பிரேக் திரவமும் டயரும் எண்ணெயும் பலமுறை மாற்றப்பட்டிருக்கும். இரண்டாவது வாகனத்திலும் அவற்றை மாற்றிவிட்டால் அது உண்மையிலேயே நல்ல வாகனமாகிவிடும். மாற்றும் செலவு வாகன விலையோடு ஒப்பிட்டால் சிறியது.

டயரின் வயதை அறியக் கருவி எதுவும் வேண்டாம். டயரின் பக்கச் சுவரில் டி, ஓ, டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். அந்த வரிசையின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 3218 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 32ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் மாதம் செய்யப்பட்டது. வெளிப்பக்கத்தில் எண் இல்லையென்றால் உட்பக்கத்தில் இருக்கும். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது தேர்ந்தவரிடம் காட்ட வேண்டும் என்றும், பள்ளக் கோடுகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பத்து ஆண்டுக்கு மேல் பயன்படுத்தக்கூடாது என்றும் பெரிய டயர் நிறுவனங்கள் சொல்கின்றன. ஆறு ஆண்டிலேயே மாற்றச் சொல்லும் வாகனத் தயாரிப்பாளர்களும் உண்டு.

பாரம் ஏற்றிப் போகுமுன் காற்றழுத்தத்தையும் பாருங்கள். டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் அங்குள்ள ஒட்டுவில்லையில் இருக்கும். முழுப் பாரத்துக்குத் தனி அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஐந்தாவது டயரை மறந்துவிடாதீர்கள். ஃபோர்ச்சுனர் போன்ற வாகனங்களில் அது பின்புறம் அடியில் தொங்கும். ஒரு நாளும் சாலையைத் தொடாததால் பத்து ஆண்டு கழித்தும் அதன் கோடுகள் அப்படியே இருக்கும். நடுவழியில் ஒரு டயர் பஞ்சரானால், ஏழு பேரின் பாரத்தை அதை நம்பித்தான் ஏற்றுவோம். அடுத்த பெருநாள் பயணத்துக்கு முன், ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு குனிந்து, முதலில் அந்த டயரின் நான்கு எண்களைப் படித்து வீட்டில் சொல்லுங்கள்.