பொய் சொல்லாத இடுப்பு

ரக்பி ஆட்டத்தில் ஒருவன் பந்தோடு ஓடி வருகிறான். இடது தோளைச் சாய்க்கிறான். மறிக்க நிற்பவன் அந்தப் பக்கம் பாய்கிறான். பந்தோ வலப்பக்கமாகப் போயே போய்விடுகிறது. இந்த வித்தையில் பேர்போனவர் அயர்லாந்தின் ஜாக் கைல்.

மறிப்பவன் ஏன் ஏமாறுகிறான்? கண்ணில் பட்டதற்கு உடல் அசையத் தொடங்கவே சுமார் 0.2 விநாடி ஆகிறது. விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுபவன் அதற்குள் ஒன்றரை மீட்டரைக் கடந்துவிடுவான். ஆகவே, நடந்ததைப் பார்த்து அசைந்தால் பிந்திவிடும். நடக்கப்போவதை ஊகித்தாக வேண்டும். அந்த ஊகத்துக்குத்தான் வலை விரிக்கப்படுகிறது. தலை, தோள், வீசி வைக்கும் கால் எல்லாம் ஒரு திசையைக் காட்டிப் பொய் சொல்லும். இடுப்பையொட்டி இருக்கும் உடலின் நிறை மையத்தால் மட்டும் அது முடியாது. தரையைக் காலால் உதைத்தாலொழிய அதன் போக்கு மாறாது. இயற்பியல் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள். புதியவர்கள் தோளை நம்பி ஏமாந்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் நிறை மையத்தின் போக்கோடு ஒட்டி நின்றார்கள். அதோடு, புதியவர்களைவிடச் சற்றுப் பொறுத்தே அசைந்தார்கள். எனக்குப் பெரிய வியப்பு இதுதான்: கைதேர்ந்தவரின் வேகத்துக்குள் ஒரு காத்திருப்பு இருக்கிறது.

கைல் 1926இல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். 1948இல் அயர்லாந்து பிரான்ஸ், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் நான்கையும் ஒரே பருவத்தில் வென்றபோது, அவர் குவீன்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மாணவர். அந்த அணியின் தலைவர் கார்ல் மல்லனும் பிற்பாடு மருத்துவரானவர்தான். அப்படியொரு முழு வெற்றியை அயர்லாந்து மறுபடி காண 61 ஆண்டுகள் ஆயின. 2009இல் கார்டிஃபில் அதைக் கைல் நேரில் பார்த்தார். அப்போது வயது 83.

அவர் ஆடிய காலத்தில் ரக்பிக்குச் சம்பளம் கிடையாது. 1951இல் பட்டம் பெற்று, நாட்டுக்காக 46 ஆட்டங்கள் ஆடி முடித்து, 1958இல் சர்வதேச ஆட்டத்தை விட்டார். பிறகு சுமத்ராவில் சில ஆண்டுகள். 1966இல் ஜாம்பியாவின் செம்புச் சுரங்க ஊரான சிங்கோலாவுக்கு அறுவை மருத்துவராகப் போனார்.

அறுவை அரங்கிலும் அதே காத்திருப்பு உண்டு. அனுபவமிக்க அறுவை மருத்துவர்களைக் கனடாவில் கவனித்து ஆராய்ந்தார்கள். பழகிய வேலையைக் கை தானாகச் செய்துகொண்டிருக்கும். சிக்கல் நெருங்கியதும் அவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள், கையை மெதுவாக்குகிறார்கள், கவனம் முழுவதையும் அந்த ஒரு புள்ளியில் குவிக்கிறார்கள். எப்போது நிதானிக்க வேண்டும் என்று அறிவதையே தேர்ச்சியின் அடையாளமாக அந்த ஆய்வு கண்டது.

சிங்கோலாவில் கைல் 34 ஆண்டுகள் இருந்தார். எழுபதைக் கடந்த பிறகே, 2000இல், அயர்லாந்து திரும்பினார்.