புது ஆளுக்குக் கணக்கில் இடம் இருக்கிறதா?

"குழுவுக்குப் புதுசா யாரும் வர்றதில்லை. வந்தாலும் நிக்கறதில்லை." பல வருஷம் ஓடிய மகளிர் சுய உதவிக் குழு எதில் உட்கார்ந்தாலும் இந்தக் குறை காதில் விழும். காரணமும் கையோடு சொல்லிவிடுவார்கள்: இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை கிடையாது, போனை விட்டுத் தலை நிமிர்வதில்லை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்தவர் ஏன் போனார் என்பதற்கான விடை பெரும்பாலும் குழுவின் நோட்டிலேயே இருக்கிறது. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு ஏற்பாடு 1989-ல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. 1992-ல் நபார்டு, குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1997-98 வாக்கில் குழு ஏற்பாடு மகளிர் திட்டம் என்ற பெயரில் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. அந்தக் காலத்தில் 28 வயதில் சேர்ந்த பெண்ணுக்கு இன்று அறுபது நெருங்குகிறது. சிலர் மகன் வீட்டோடு திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விட்டார்கள். சிலருக்கு முழங்கால் வலி. ஒருவர் இறந்திருப்பார், ஒருவர் மனஸ்தாபத்தில் விலகியிருப்பார். இருபது பேராக இருந்த குழு பன்னிரண்டாகிறது.

இருக்கிறவர்களை வைத்து ஓட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒரு குழுவில் 10 முதல் 20 பேர் இருக்க வேண்டும் என்பது பொது விதி. அதைவிடப் பெரிய காரணம் உள்கடன். குழுவின் சேமிப்பு வளர்வது, உறுப்பினர்கள் அதைக் கடனாக எடுத்து வட்டியோடு திருப்பிக் கட்டும்போதுதான். மூத்தவர்களுக்குக் கடன் தேவை குறைந்துவிடுகிறது. பிள்ளைகள் படித்து முடித்தாயிற்று, கல்யாணமும் ஆயிற்று, மாடு வாங்கிக் கட்டிப் பார்க்க உடம்பில் தெம்பில்லை. கேட்க ஆளில்லாத பணம் வங்கியில் சும்மா கிடக்கிறது. புதிதாக வரும் பெண், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கோ தையல் மெஷினுக்கோ கடன் எடுத்து வட்டி கட்டினால், பழைய அக்காமார் பணமும் சேர்ந்து வளரும். "நம்ம காசைப் பங்கு போட வர்றாங்க" என்ற பயம் இருக்கும் இடத்தில் இதை முதலில் பொறுமையாகச் சொல்லிவிட வேண்டும்.

இப்போது நோட்டைத் திறப்போம். 12 பேர், மாதம் ஆளுக்கு 100 ரூபாய், ஆறு ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 72 மாதத்தில் தலைக்கு 7,200. மொத்தச் சேமிப்பு 86,400. உள்கடன் வட்டியில் செலவு போக 30,000 சேர்ந்திருக்கிறது என்போம். ஆக 1,16,400, தலைக்கு 9,700.

மூன்று பெண்கள் சேர வருகிறார்கள். பல குழுக்கள் என்ன சொல்கின்றன? "எங்களுக்குச் சமமா 9,700 கட்டிட்டு உட்காருங்க." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூலிக்குப் போகிறவர் அவ்வளவையும் ஒரே நாளில் எங்கே புரட்டுவார்? அந்தப் பணம் கையில் இருந்தால் குழுவைத் தேடி ஏன் வருகிறார்? இன்னொரு வகைக் குழு, எதுவும் கேட்காமல் சேர்த்துக்கொண்டு, வருஷக் கடைசியில் லாபத்தைச் சமமாகப் பிரிக்கும். அப்போது பழையவர்கள் மனம் கோணும். கோணிய மனம் வெளியே வர ஒரு கூட்டம் போதும். புதியவர் அடுத்த முறை வர மாட்டார்.

நடுவே ஒரு வழி இருக்கிறது. புதியவர் சேரும் தேதியில் பழைய கணக்கை முடித்து, ஒவ்வொருவர் பாஸ்புக்கிலும் அவரவர் 9,700-ஐ எழுதிவிட வேண்டும். அது அவர்களுடையது, யாரும் தொட முடியாது. அன்றிலிருந்து வரும் லாபத்தை அவரவர் இருப்புக்கு ஏற்பப் பிரிக்க வேண்டும். ஒரு வருஷம் கழித்து, பழையவர் இருப்பு 10,900. புதியவர் இருப்பு 1,200. பதினைந்து பேருக்கும் சேர்த்து 1,34,400. லாபம் 12,000 என்றால் பழையவருக்குத் தலைக்குச் சுமார் 973 ரூபாய், புதியவருக்குச் சுமார் 107. புதியவருக்கு இது குறைவாகத் தெரியாது. தன் 1,200-க்கு என்ன கிடைத்தது என்று அவரால் கணக்குப் போட்டுப் பார்க்க முடிகிறது. பழையவருக்கும் எதுவும் போகவில்லை. சண்டைக்கு இடமில்லாத இந்தக் கணக்குதான் முதல் வாசல்.

அடுத்தது பழைய வங்கிக் கடன். குழுக் கடனுக்கு எல்லோரும் சேர்ந்து பொறுப்பு. புதிதாக வருகிறவரின் மாமியார் முதலில் கேட்பது, "அவங்க வாங்குன கடனை நீ கட்டணுமா?" என்றுதான். நியாயமான கேள்வி. பழைய கடனுக்குப் புதியவர் பொறுப்பில்லை என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அது நமக்குள்தான் செல்லும் என்பதால், வங்கி மேலாளரையும் பார்த்து, உறுப்பினர் மாறியதைத் தெரிவித்து, வங்கி அதை எப்படிப் பார்க்கிறது என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அதுவரை அவரை எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்துப் போடச் சொல்லக் கூடாது.

சேருவதற்கு முன்பே தெருவில் இன்னொரு விசாரணையும் நடக்கும்: "விலகினா காசைத் திருப்பித் தருவாங்களா?" விலகிய ஒருவரின் சேமிப்பை இழுத்தடித்த குழுவுக்கு, எத்தனை வீடு ஏறி இறங்கினாலும் ஆள் கிடைக்காது. போகிறவருக்குக் கடன் பாக்கி கழித்து மீதியைக் குறித்த நாளில் கொடுத்து, வாங்கியதாக நோட்டில் எழுதி வைக்கும் குழுவுக்கு அதைவிட நல்ல விளம்பரம் வேண்டியதில்லை.

சேர்த்துக்கொண்ட பிறகு நிற்க வைப்பது எது? முதல் கடன். "புதுசா வந்தவங்களுக்கு ஒரு வருஷம் கழிச்சுத்தான் கடன்" என்று விதி வைத்திருக்கும் குழுக்கள் உண்டு. ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. நோட்டுப் புத்தகம், சீருடை, செருப்பு என்று செலவு வரிசையாக நிற்கிறது. அப்போது குழுவில் கிடைக்காத 2,000 ரூபாய்க்கு அவர் நகையைத்தான் அடகு வைப்பார். குழு தன் அவசரத்துக்கு இல்லை என்று அன்றே முடிவாகிவிடுகிறது. மூன்று மாதம் ஒழுங்காகச் சேமித்தவருக்கு அந்த 2,000-ஐக் கொடுங்கள், நான்கு தவணையில் வாங்குங்கள். தொகை சிறியது, குழுவுக்கு ஆபத்தும் சிறியது. அவர் கட்டி முடிக்கும்போது இரண்டு பக்கமும் நம்பிக்கை வந்திருக்கும்.

கூட்ட நேரத்தையும் பாருங்கள். மதியம் இரண்டு மணி என்று வைத்தது, அன்றைக்குக் காலை வயல் வேலை முடித்து வந்தவர்களுக்காக. இன்றைய பெண் ஜவுளிக்கடையிலோ மில்லிலோ நிற்கிறார். கம்பெனி பஸ் இறக்கிவிட ஏழு மணி. மூன்று கூட்டம் தொடர்ந்து வராவிட்டால் அபராதம் போடுகிறோம். நேரத்தை ஞாயிறு சாயங்காலத்துக்கு மாற்றுவது யாருக்கும் தோன்றுவதில்லை. தவறாமல் கூடுவது, தவறாமல் சேமிப்பது, உள்கடன் கொடுப்பது, தவணை தவறாமல் கட்டுவது, கணக்கு எழுதுவது: இவைதான் குழு விதிகளின் ஐந்து தூண்கள். இவற்றில் எதுவும் மதியம் இரண்டு மணியைக் கேட்கவில்லை.

கடைசி விஷயத்தில்தான் பல குழுக்கள் தெரியாமலே தவறுகின்றன. "படிச்ச பொண்ணு, நீயே எழுதும்மா" என்று கணக்கு நோட்டைப் புதியவர் மடியில் வைத்துவிடுவார்கள். அவர் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். யாருக்குக் கடன், எவ்வளவு என்ற பேச்செல்லாம் அவர் தலைக்கு மேலே நடந்து முடிந்துவிடும். எழுத்து வேலை அவருக்கு, முடிவு மற்றவர்களுக்கு. பெண்கள் இதைச் சீக்கிரமே உணர்ந்துவிடுகிறார்கள். நோட்டு எழுதுவதை முறை வைத்து மாற்றுங்கள். எழுதியதைக் கூட்டம் முடியுமுன் எல்லோரும் கேட்க வாசிக்கச் சொல்லுங்கள்: யார் கட்டினார், யாருக்குப் பாக்கி, வங்கியில் எவ்வளவு. ஊக்குநர், பிரதிநிதி பொறுப்புகளும் சுற்றி வர வேண்டும். வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடும் பிரதிநிதிகளில் ஒருவராகப் புதியவர் எப்போது வரலாம் என்று முன்கூட்டியே ஒரு காலம் குறித்துச் சொல்லிவிடுங்கள்.

அழைக்கப் போகும்போதும் ஒரு தெளிவு வேண்டும். வாசலுக்கு வந்து வாரத் தவணை வசூலிக்கும் மைக்ரோ பைனான்ஸ் கடனையும் ஊரில் "குழுக் கடன்" என்றுதான் சொல்கிறார்கள். கடன் வசூலில் மிரட்டலையும் தொல்லையையும் தடுக்க 2025-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. அந்த அளவுக்கு அடிபட்ட வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் "குழுவில் சேர்றியா?" என்றால் கதவு சாத்திக்கொள்ளும். "எங்க குழுவில் பணம் நம்மது, வட்டியும் நமக்கே, நோட்டும் நம்ம கையில" என்று சொல்லி, அந்த நோட்டையே காட்டுங்கள்.

ஆகவே, ஆள் தேடிக் கிளம்புமுன் அடுத்த கூட்டத்தில் நான்கு தீர்மானங்கள் போட்டுவிடுங்கள்: பழைய கணக்கை முடித்துப் பாஸ்புக்கில் ஏற்றுவது, பழைய கடனிலிருந்து புதியவரை விலக்குவது, மூன்றாம் மாதத்தில் சிறுகடன், எல்லோருக்கும் ஒத்துவரும் நேரம். இவை நோட்டில் ஏறிய பிறகு வருகிறவரை யாரும் கெஞ்சி நிறுத்த வேண்டியிருக்காது. தன் பெயருக்கு நேரே தன் பணமும், தன் கடனும், தன் முறையும் எழுதியிருக்கும் இடத்தை எந்தப் பெண்ணும் எளிதில் விட்டுப் போவதில்லை.