சாரல் ஊரில் ஒரு கொதிக்கும் யந்திரம்

ஆனி பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று இறங்கி, குற்றாலத்துப் பேரருவியிலும் ஐந்தருவியிலும் ஜனக்கூட்டம் முட்டி மோதும் காலத்தில், தென்காசிக்காரன் ஒருவன் உஷ்ணத்தைப் பற்றிக் கட்டுரை எழுத உட்காருவது சற்று விபரீதமாகவே தோன்றும். ஆயினும் சென்ற ஆண்டு இதே பருவத்தில், ஜன்னலுக்கு வெளியே சாரல் பொழிந்துகொண்டிருக்க, இலஞ்சியில் என் தமையனார் வீட்டுக் கூடத்தில், வாங்கி நான்கே நாட்கள் ஆன ஒரு லேப்டாப்பின் அடியில் கைவைத்துவிட்டு, அடுப்பிலிருக்கும் தோசைக்கல்லைத் தொட்டவனைப்போல் நான் கையை உதறிக்கொண்டதுண்டு. தமையனாரின் மகள் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறவள்; முதல் சம்பளச் சேமிப்பில் வாங்கிய யந்திரம் அது. அவள் ஒரு சிறு கடிதம் தட்டிக்கொண்டிருந்தாள்; உள்ளேயிருந்த விசிறியோ மாவு மில்லைப்போல் இரைந்துகொண்டிருந்தது.

கடைக்காரருக்குப் போன் செய்தோம். "புது மெஷின்னா கொஞ்சம் சூடாத்தான் இருக்கும் அண்ணாச்சி, ஓட ஓடச் சரியாயிரும்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தில் பாதி சத்தியமும் பாதி அபாயமும் கலந்திருக்கின்றன. 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியதும், எங்களூருக்கருகே மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் அலுவலகம் வைத்ததும், பிறகு கொரோனாக் காலம் உத்தியோகத்தையே வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்ததுமாக, நம் பக்கத்துக் கிராமங்களில்கூட லேப்டாப் இல்லாத தெரு இன்று அபூர்வம். ஆகையால் அந்தப் பாதியையும் இந்தப் பாதியையும் பிரித்தறிவது, யந்திரசாஸ்திரம் படித்தவர்களுக்கு மட்டுமன்றி, பணம் கொடுத்து வாங்குகிற ஒவ்வொருவருக்கும் அவசியமாகிறது.

சத்தியமான பாதியை முதலில் பார்ப்போம். கணினியின் மூளையாகிய பிராசசர், தான் உண்ணும் மின்சாரம் முழுவதையும் கடைசியில் உஷ்ணமாகவே வெளியிடுகிறது. அதில் யந்திரத்தின் குற்றம் எதுவுமில்லை, அது இயற்கையின் விதி. மெல்லிய லேப்டாப்பில் 15 வாட் அளவிலும், விளையாட்டுக்கும் படத்தொகுப்புக்கும் உரியவற்றில் 45 வாட்டும் அதற்கு மேலும் எழும் இந்த உஷ்ணம், நகக்கண் அளவுள்ள ஒரு சில்லில் பிறப்பதால்தான் அத்தனை உக்கிரம் கொள்கிறது. சில்லின்மேல் பசைபோல் ஒரு பூச்சு, அதன்மேல் செம்புக்குழாய், குழாயினுள் சிறிதளவு திரவம் ஆவியாகி ஓடி, மறுகோடியில் குளிர்ந்து திரும்புகிறது, அந்த மறுகோடியில் மெல்லிய தகடுகளும், அவற்றின் ஊடே காற்றை ஊதித் தள்ளும் விசிறியும் இருக்கின்றன. பெரும்பாலான பிராசசர்கள் 95 முதல் 105 பாகை செல்சியஸ் வரை தாங்கும்படி வகுக்கப்பட்டவை. எல்லையை நெருங்கியதும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே கனமான வேலையின் நடுவே 90 பாகை என்று மானி காட்டினால், அதைக்கொண்டு மட்டும் யந்திரம் பழுது என்று சொல்லிவிட முடியாது. மேலும், புதிதாகத் திறந்த லேப்டாப் முதல் ஓரிரு நாட்களில், நமக்குத் தெரியாமலே பின்னணியில் புதுப்பிப்புகளை இறக்கிக்கொண்டும், கோப்புகளுக்கெல்லாம் அட்டவணை போட்டுக்கொண்டும், மேகச் சேமிப்போடு ஒத்துப்பார்த்துக்கொண்டும் இருக்கும். அந்தச் சூடு தானே தணிந்துவிடும். கடைக்காரர் சொன்னது இவ்வளவுக்கு மெய்.

அபாயமான பாதி இதுதான்: தணியாவிட்டால் என்ன செய்வது என்பதை அவர் சொல்லவில்லை. "ஓட ஓடச் சரியாகும்" என்று நாம் காத்திருக்கும் நாட்களிலேயே, பொருளை மாற்றித் தரும் கெடு, பல கடைகளிலும் இணைய அங்காடிகளிலும், சத்தமின்றிக் கழிந்துவிடுகிறது.

உஷ்ணம் பிறப்பது குற்றமன்று, பிறந்த உஷ்ணம் வெளியேற வழியில்லாமையே குற்றம். அந்த வழியை அடைத்தது நாமா, செய்தவனா என்பதுதான் வழக்கு. எங்கள் தென்காசியில் காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுர வாசலில் நுழைந்தவர்கள் யாவரும் அந்தக் காற்றை அறிவார்கள். எதிரே வந்து மார்பில் மோதி, நாலடி நடந்ததும் முதுகைப் பிடித்து உந்தும். கணவாயிலிருந்து வரும் காற்றுக்கு அந்த வாசல் திறந்திருப்பதால்தான் அந்த வேகம். லேப்டாப்பின் அடிப்பாகத்துத் துளைகளும் கீல் ஓரத்துத் துளைகளும் அத்தகைய வாசல்களே. அவற்றைப் பஞ்சுமெத்தையின் மேலும் ஜமுக்காளத்தின் மேலும் வைத்து அடைத்துவிட்டு, விசிறி இரைகிறது என்று வியாபாரியை நோவது தர்மமாகாது.

இந்த யந்திரத்துக்கு நாம் சூட்டிய மடிக்கணினி என்ற பெயரே தவறான உபதேசம் என்பது என் அபிப்பிராயம். மடி என்பதை மடக்குவது என்ற பொருளில் கொள்ளுங்கள். மடியில் வைப்பது என்று கொள்ளாதீர்கள். 2010-ல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்துச் சரும வைத்தியர்கள், லேப்டாப்பை நாள்தோறும் பல மணி நேரம் தொடைமேல் வைத்து விளையாடிய 12 வயதுச் சிறுவனின் இடது தொடையில் வலைபோல் கருஞ்சிவப்புத் திட்டுகள் படர்ந்ததைக் குழந்தை மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார்கள். கொப்புளம் எழுப்பாத இளஞ்சூடும், நெடுநாள் ஒரே இடத்தில் பட்டால் தோலைக் கெடுக்கும். காஷ்மீரத்தில் காங்கிரிச் சட்டியை அங்கிக்குள் வைத்துக் குளிர்காய்கிறவர்களின் வயிற்றிலும் தொடையிலும் இத்தகைய திட்டுகள் தோன்றுவதும், அவற்றிற் சில பிற்காலத்தில் புற்றாக மாறுவதும் வைத்திய உலகம் வெகுகாலமாக அறிந்தவை.

தோலைவிடப் பயங்கரமானது பாட்டரி. லித்தியம் பாட்டரியைச் சுமார் 45 பாகைக்கு மேல் சார்ஜ் செய்வது அதன் ஆயுளைக் குறைக்கும். உள்ளே குறைபாடும் சேர்ந்துவிட்டால் தீப்பற்றவும் கூடும். 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம், சோனி செய்த செல்கள் அடங்கிய 41 லட்சம் லேப்டாப் பாட்டரிகளைத் திரும்பப் பெற்றது இந்தக் காரணத்தால்தான். டச்பேட் மேலே எழும்பினாலோ, அடிமூடி புடைத்தாலோ, பாட்டரி வீங்கிவிட்டதென்று அர்த்தம். அதற்குமேல் சார்ஜ் போடுவதும், குத்திப் பார்ப்பதும், அழுத்தி மூட முயல்வதும் வேண்டாம். அணைத்து, மெத்தை திரைச்சீலைகளுக்கு அப்பால் வைத்து, சர்வீஸ் சென்டருக்குச் சொல்லியனுப்புங்கள். பெரிய நிறுவனத்திடம் வாங்கியதாலேயே பழுது இராது என்று நினைப்பதற்குமில்லை. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், சில லேப்டாப் சித்திரச் சில்லுகளின் கட்டுமானப் பொருள் பலவீனமாகிப் பழுதானமைக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கி வைத்தது. 2018 ஜூலையில் ஆப்பிளின் புதிய மேக்புக் ப்ரோ சூடேறித் தன் வேகத்தை மிதமிஞ்சிக் குறைத்துக்கொள்கிறதென்று வாங்கியவர்கள் வீடியோ எடுத்துக் காட்ட, சில நாட்களிலேயே தன் மென்பொருளில் பிழை இருந்ததென்று அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டு திருத்தம் அனுப்பியது. வாங்கியவர்கள் வாய்மூடி இருந்திருந்தால் திருத்தம் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்த பரீட்சை எளியது. மேஜைமேல், விரிப்பு ஏதுமின்றி யந்திரத்தை வைத்தோம். எல்லாச் செயலிகளையும் மூடினோம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிராசசர் உண்மையிலேயே சும்மா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். நூற்றில் இரண்டு மூன்று பங்குக்கு மேல் அது உழைக்கவில்லை. பிறகு எச்டபிள்யூ இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளால் உஷ்ணத்தை அளந்தோம். சாதாரணமாக ஓய்விலிருக்கும் லேப்டாப் 40 முதல் 60 பாகைக்குள் நிற்கும். இதுவோ அரைமணி நேரம் சும்மாயிருந்தும் 84-ஐ விட்டு இறங்கவில்லை. அறைச் சுவரிலிருந்த உஷ்ணமானி 28 காட்டியது. திரையையும் உஷ்ணமானியையும் ஒரே படத்தில் தேதியோடு பிடித்து வைத்தாள் பெண். பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது அந்தப் படம்தான்.

பரீட்சைக்கு முன் சில எளிய பரிகாரங்களையும் செய்துவிடுவது நல்லது. இல்லாவிடில் எதிர்த்தரப்பு அவற்றையே கேள்வியாகக் கேட்கும். பின்பக்கத்தை இரண்டு ரப்பர் துண்டுகளின்மேல் உயர்த்துங்கள். பவர் மோடைச் சமநிலையில் வையுங்கள். நிறுவனம் வெளியிட்ட, பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளின் புதுப்பிப்பை ஏற்றுங்கள். பெட்டியோடு வந்த சார்ஜரையே உபயோகியுங்கள்; லேப்டாப்புக்கும் சார்ஜருக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு 2012-ஆம் ஆண்டு ஆணை முதற்கொண்டு கட்டாயம், அந்தப் பதிவெண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் யாரும் சோதிக்கலாம். பல லேப்டாப்புகள் 35 பாகை வரையுள்ள அறைக்கென்றே வகுக்கப்பட்டவை. சித்திரை வெயிலில் ஓட்டுவீட்டு மச்சில் வைத்து அளந்துவிட்டு வழக்காடக்கூடாது. ஆடிக்காற்று சுமந்துவரும் செம்மண் புழுதி தகடுகளிடையே கம்பளிபோல் படியும் என்பதும் நம்மூர் விசேஷம். ஆனால் நான்கு நாள் யந்திரத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. குற்றாலத்தில் ஏ.சி. அறையிலிருந்த லேப்டாப்பைச் சட்டென்று சாரல் வீசும் வராந்தாவுக்கு எடுத்துவந்தால் அதன் குளிர்ந்த உடலில் ஈரம் பூத்துவிடும். விசையை அமுக்குமுன் சற்று நேரம் விட்டுவைக்க வேண்டும். ஈரத்துணி போர்த்துகிறவர்களையும், ஃபிரிட்ஜுக்குள் வைக்கிறவர்களையும் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இனி உரிமை. 2020 ஜூலை 20 முதல் அமலிலுள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தர மறுப்பதையும், பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதையும் முறையற்ற வியாபாரம் என்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சிட்டிருக்கும் வாசகத்தைக் கண்டு, குறையுள்ள பொருளை வாங்கியவர் மிரள வேண்டியதில்லை. இணையத்தில் வாங்கியவருக்கு 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் துணை நிற்கின்றன: அங்காடியின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் கடமைப்பட்டவர்.

ஆனால் சட்டம் எழுத்துக்கே செவிசாய்க்கும். போனில் இட்ட சண்டை காற்றோடு போம். சர்வீஸ் சென்டரில் யந்திரத்தைக் கொடுக்கும்போது தரும் ஜாப் ஷீட்டில், 'சூடாகிறது' என்று மட்டும் எழுதச் சம்மதியாமல், 'ஓய்வில் 84 பாகை, அறை 28 பாகை, விசிறி இடைவிடாத இரைச்சல்' என்று எழுதச் சொல்லுங்கள். எங்களுக்கு முதல்முறை அந்தச் சீட்டு 'பரிசோதித்தோம், சரியாயுள்ளது' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. எத்தனை பாகையில் சரியாயுள்ளது என்று மின்னஞ்சலில் கேட்டோம்; படத்தையும் இணைத்தோம். பதில் வர ஐந்து நாட்களாயின. யந்திரத்தை மீண்டும் திறந்து பார்த்தபோது, செம்புக்குழாயின் தகடு சில்லோடு சரியாகப் பொருந்தாமல், பூச்சு ஒரு மூலையில் மட்டும் பட்டிருந்ததாம். உறுப்பை மாற்றினார்கள், அதன்பின் ஓய்வில் 47 பாகை. முழு யந்திரத்தையும் மாற்றித் தரும்படி கேட்டிருக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். கேட்டிருக்கலாம்தான், வேலை நின்றுகிடந்த பெண்ணுக்கு அதற்குப் பொறுமை இல்லை.

அவ்விதம் குறை தீராதவர்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அங்கேயே சமரசமாகிவிடும் வழக்குகள் உண்டு. ஆகாவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணமில்லை. வக்கீல் வைத்தே தீரவேண்டுமென்பதில்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும், இணையவழியாகவும் செய்யலாம். பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டம் எதிர்த்தரப்பு இருக்கும் ஊருக்கோ வழக்கு எழுந்த ஊருக்கோ நம்மை அலையவைத்தது. புதிய சட்டமோ, கம்பெனி பெங்களூரில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் இடத்து ஆணையத்திலேயே முறையிட இடமளிக்கிறது. பரிசோதித்தாலன்றித் தெரியாத குறையென்றால் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பி, 45 நாட்களுக்குள் அறிக்கை கேட்கும். அதற்கான சட்டப்பிரிவை மனுவிலேயே குறித்து வேண்டிக்கொள்வது புத்திசாலித்தனம். ஏனெனில் உஷ்ணம் நீதிபதியின் மேஜைமேல் வைத்துக் காட்டக்கூடிய சாட்சியமன்று. குறை நிரூபணமானால் பழுது நீக்கவோ, மாற்றித் தரவோ, கிரயத்தைத் திருப்பவோ, நஷ்டஈடு கொடுக்கவோ உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரமுண்டு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இவ்வளவுக்கும் ஆதாரமாகிய பில், பல கடைகளில் மை இல்லாமல் சூட்டினால் எழுத்து விழும் தாளில் அச்சாகிறது; அதை லேப்டாப் பைக்குள்ளோ மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளோ வைத்தால், சில மாதங்களில் உஷ்ணத்தாலேயே எழுத்து மங்கி வெறுந்தாளாகிவிடும். இன்றைக்கே அதைத் தேடியெடுத்து, ஒரு படம் பிடித்து, ஒரு ஜெராக்ஸும் எடுத்து வைத்துவிடுங்கள்.