தூண் வளையுமா, அறுபடுமா?

நண்பர்களே, நூலகத்திலிருந்து விடுதிக்குப் பத்துப் புத்தகங்களை எப்படிக் கொண்டுவருகிறீர்கள்? வரிசையாக அடுக்கி, இரு முனைகளிலும் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கிறீர்கள் அன்றோ? அழுத்தம் இருக்கும்வரை நடுப் புத்தகம் நழுவாது. கான்கிரீட் தூணும் ஏறக்குறைய அப்படித்தான். மேல்மாடிகளின் பளு அழுத்துவதால், குறுக்கே அறுக்கவரும் வெட்டு விசையைத் தாங்கும் வலிமை அதற்குக் கூடுகிறது. 2000ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 விதிப்படி, 300 மில்லிமீட்டர் சதுரத் தூண், எம்-20 கான்கிரீட், 240 கிலோநியூட்டன் பளு என்றால், கான்கிரீட்டின் வெட்டு வலிமையை 1.4 மடங்காகக் கொள்ளலாம். எவ்வளவு அழுத்தினாலும் 1.5க்கு மேல் கூடாது.

அகமதாபாத்தில் என் அக்காள் குடியிருக்கும் நான்கு மாடிக் கட்டடத்தைச் சென்ற பருவத்தில் கணிப்பொறியில் அமைத்தேன். கீழ்த்தளத்தில் சுவர் கிடையாது, வண்டிகள் நிற்கும். 2001 ஜனவரி 26 பூகம்பத்தில், மையத்திற்கு 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அந்நகரில் சரிந்த அடுக்குமாடிகள் பலவும் இவ்வகையே. என் கட்டடமோ திரையில் ஆடிவிட்டு நிமிர்ந்து நின்றது! சங்கத்தில் எல்லோருக்கும் அண்ணனான ஓர் ஆய்வு மாணவரிடம் பெருமையோடு காட்டினேன்.

"தம்பி, இதிலே தூண் அறுபட வழி எங்கே வைத்திருக்கிறாய்?"

வைக்கவில்லைதான். வழக்கமாக நாம் வளைவுக்கு மட்டுமே கீல் வைக்கிறோம். வெட்டு விசைக்குத் தூண் என்றும் முறியாததாகவே இருந்துவிடுகிறது. உடனே தூணோடு ஒரு வெட்டுச் சுருள்வில்லைச் சேர்த்து, நிலையான பளுவுக்குரிய வலிமையைக் கொடுத்தேன். அதுவும் பிழையே. கட்டடம் ஆடும்போது ஒரு பக்க ஓரத் தூணில் பளு ஏறும், எதிர்ப் பக்கத்தில் இறங்கும். 240 என்பது 60 ஆகும் கணத்தில் 1.4 மடங்கு 1.1 ஆகிவிடும்.

இன்னொரு சங்கதிதான் என்னைத் திடுக்கிடச் செய்தது. பளு வலிமையைக் கூட்டுகிறது. ஆனால் தூணின் பொறுமையைக் குறைக்கிறது. சாய்வாக விரிசல் விழுந்தபின், அதே பளுதான் மேற்பாதியை அதன் வழியே சறுக்கித் தள்ளுகிறது. அப்போது பிடித்துவைப்பவை மேஸ்திரிகள் ரிங் என்னும் வளையக் கம்பிகளே. ஓபன்சீஸ் மென்பொருளுக்குக் கென்னத் எல்வுட் வகுத்த எல்லைநிலை முறை, தூணின் சாய்வைப் பளுவோடும் வெட்டு விசையோடும் ஒப்பிட்டு, எல்லை வந்ததும் வலிமையை இறக்குகிறது.

அம்முறையில் மறுபடி ஓட்டினேன். ஓரத் தூண் அறுந்தது. வரைபடத்தில் 200 மில்லிமீட்டருக்கு ஒன்றாக இருந்த ரிங்குகளைத் தூணின் இரு முனைகளிலும் 75க்கு ஒன்றாக நெருக்கினேன். தூண் அறுபடாமல் வளைந்தது. கட்டி முடித்த வீட்டில் அப்படி நெருக்க முடியுமா? தூணைச் சுற்றிப் புதுக் கம்பிக்கூடு கட்டிக் கான்கிரீட் உறை போடவேண்டும். செலவு எவ்வளவு ஆகுமென்று அத்தான் கேட்டு எழுதியிருக்கிறார்.